முதலில் பெயர்ப் பட்டியல், பிறகுதான் கல்



ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கோவிட் காலத்தில் தங்கள் தோட்டத்தில் மாண்டவர்களுக்காகவும், நோய் கண்டு மீண்டவர்களுக்காகவும் ஒரு நினைவுச் சின்னம் அமைக்க வேண்டுமென்று கோயில் கமிட்டியில் பேச்சு எழுந்திருக்கிறதாம். இரண்டு கூட்டம் நடந்து, இரண்டும் சத்தத்தில் முடிந்தனவாம். சிமெண்டில் சிலை என்கிறார் ஒருவர். பள்ளிக்கூட மதிலில் ஓவியம் என்கிறார் இன்னொருவர். மாரியம்மன் கோயில் வளாகத்திலேயே சின்னதாக ஒரு மண்டபம் கட்டிவிடலாம் என்கிறார் மூன்றாமவர். ஒரு பாட்டி மட்டும், "செத்தவங்களுக்குச் சிலை எதுக்கு? தகப்பன் இல்லாத பிள்ளைங்க நாலு இருக்கு. அதுங்க படிப்புக்குக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாராம். 'வாத்தியார் ஐயா, உங்கள் அபிப்பிராயம் என்ன?' என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

நினைவுச் சின்னம் வேண்டும் என்பதுதான் என் அபிப்பிராயம். ஆனால் சிலையா, ஓவியமா, மண்டபமா என்ற சண்டை கடைசியில் போட வேண்டிய சண்டை. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. அவற்றைச் செய்யாமல் கட்டியவை என்னவாயின என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நடந்ததை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நம் நாட்டில் முதல் நோயாளி கண்டறியப்பட்டது 2020 ஜனவரி 25-ஆம் நாள். மார்ச் 17-ஆம் நாள் முதல் மரணம். மறுநாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. 2021-ஆம் ஆண்டின் நடுவில்தான் உண்மையான கொடுமை. அந்த ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் வெளியான ஒரே நாள் அறிக்கையில் 592 மரணங்கள். முந்தைய நாட்களில் விடுபட்டவற்றையும் சேர்த்துச் சொன்ன கணக்கு அது. மொத்தத்தில் 37,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். வீட்டிலேயே உயிர் பிரிந்து, பிறகு மருத்துவமனைக்குக் கொண்டு போகப்பட்டவர்களும் அவர்களில் உண்டு.

எண்ணிக்கையை விட்டுவிட்டு நம் வீட்டுச் சாவை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் எப்படி இருக்கும்? விடியற்காலையில் பெரட்டுக் களத்துக்கே சேதி வந்துவிடும். லயத்துக்கு முன்னால் கூடாரம் எழும். எங்கிருந்தோ பெஞ்சு வரும், யாரோ வரக்காப்பி போடுவார்கள். பெண்கள் கட்டிப் பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். மாமன் மச்சான் முறையுள்ளவர்கள் செய்ய வேண்டியதைச் செய்வார்கள். பத்து வருஷம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி அன்றைக்குப் பேசுவார்கள். பதினாறாம் நாள் கருமாதியில் சோறு போட்டு அனுப்பும்போது, போனவர் போய்விட்டார் என்பதை வீடும் ஏற்றுக்கொள்ளும், தோட்டமும் ஏற்றுக்கொள்ளும்.

கோவிட் சாவில் இதில் எது நடந்தது? உடம்பு வீட்டுக்கு வரவில்லை. பையில் மூடியபடியே போனது. சுடுகாட்டில் இரண்டொருவர் தூரத்தில் நின்றார்கள். கொள்ளி வைக்க வேண்டிய மகன் சில வீடுகளில் தனிமைப்படுத்தப்பட்டு வேறொரு கட்டிலில் கிடந்தான். சாம்பல் வந்த பிறகுதான் சாவே வீட்டுக்கு வந்தது. இப்படிக் கூடி அழாத சாவுகள் நம் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்து தாமான்களில் குடியிருக்கும் வீடுகளிலும் ஏராளம். நினைவுச் சின்னம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். கல்லின் அழகைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அன்றைக்குக் கூடாதவர்கள் ஒருநாள் கூடுவதற்கு ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

நம்மவர் கொள்ளைநோயில் மாண்டது இது முதல் முறையும் அல்ல. 1918-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் உலகமெங்கும் பரவிய 'ஸ்பானிஷ் காய்ச்சல்' மலாயாவுக்கும் வந்தது. இந்நாட்டில் அதில் இறந்தவர்கள் 30,000-க்கும் மேல் என்று வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அதிகமாக அடிபட்டவர்கள் தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்கள். கப்பலேறி வந்து, நெருக்கமான லயங்களில் படுத்து, அரை வயிற்றுக் கஞ்சியோடு காட்டை வெட்டியவர்கள். நான் போய்ப் பார்த்த தோட்டத்து இடுகாடு எதிலும் அந்த ஆண்டைச் சொல்லும் ஒரு கல்லைக் கண்டதில்லை. நூறு ஆண்டு கழித்துக் கோவிட் வந்தபோது, 'இதுபோல் முன்னே பார்த்ததே இல்லை' என்று எல்லாரும் சொன்னோம். நம் கொள்ளுப்பாட்டன்மார் பார்த்திருந்தார்கள். நமக்குச் சொல்லி வைக்கத்தான் ஆளும் இல்லை, கல்லும் இல்லை.

சயாம் மரண ரயில் கதை உங்களுக்குத் தெரியும். மலாக்காத் தோட்டங்களிலிருந்து போன பாட்டன்மார் இல்லாத ஊர் குறைவு. 415 கிலோமீட்டர் பாதையை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அடியும் பட்டினியும் கொன்றதோடு, 1943-இல் மழைக்காலத்தில் காலரா புகுந்து முகாம் முகாமாக ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. இன்று காஞ்சனாபுரிக்குப் போகிறவர்கள், போர்க்கைதிகளாய் இருந்து மாண்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களின் மயானத்தைப் பார்க்கலாம். ஏறக்குறைய 7,000 கல்லறைகள், புல் வெட்டி, பூச்செடி வைத்து, பெரும்பாலான கல்லில் பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாக மாண்ட ஆசியத் தொழிலாளர்களுக்கு, தமிழர்களுக்கு, அப்படிப் பெயர் பொறித்த வரிசை கிடையாது. தமிழர் நினைவாக அங்கே ஒரு புத்த ஆலய வளாகத்தில் நடுகல் நாட்டப்பட்டது 2023-ஆம் ஆண்டில். ரயில் பாதை முடிந்து எண்பது வருஷம் கழித்து!

இந்த வேறுபாடு ஏன் வந்தது? சிப்பாய்க்குப் பட்டாளத்தில் பதிவேடு இருந்தது. முகாமில் சக கைதிகள் ஒளித்து வைத்துக் குறிப்பு எழுதினார்கள். யார், எந்த நாள், எங்கே புதைத்தோம் என்று எழுதியிருந்தது. நம்மவர் விஷயத்தில் எழுதுவாரில்லை. பட்டியல் இருந்தவனுக்குக் கல் கிடைத்தது. பட்டியல் இல்லாதவன் 'ஆயிரக்கணக்கானோர்' என்ற ஒரு சொல்லுக்குள் போய்விட்டான்.

ஆகவே ஜாசின் நண்பர்களே, முதல் வேலை பெயர்ப் பட்டியல்.

இதை நான் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. நம் முன்னோர் நடுகல்லுக்கு வகுத்த முறையே அதுதான். தொல்காப்பியம் நடுகல் நாட்டுவதை ஆறு படிகளாகச் சொல்கிறது. கல்லைத் தேடிக் காண்பது காட்சி. நாள் பார்த்து அதை எடுத்து வேலை தொடங்குவது கால்கோள். நீராட்டித் தூய்மை செய்வது நீர்ப்படை. பெயரும் பெருமையும் பொறித்து நாட்டுவது நடுதல். படையலிடுவது பெரும்படை. கடைசியில் வாழ்த்து. கண்ணகிக்குக் கல் எடுக்கச் சேரன் செங்குட்டுவன் இமயம் வரை போன கதையில் சிலப்பதிகாரத்தின் காதைகளுக்கே இந்தப் பெயர்கள்தாம் வைக்கப்பட்டிருக்கின்றன. இன்றைக்கு நாம் 'திட்டமிடுதல்' என்கிறோமே, அதை எவ்வளவு நிதானமாகச் செய்திருக்கிறார்கள் பாருங்கள். திறப்பு விழாவும் மாலை மரியாதையும் ஆறாவது படியில் வருகின்றன. நம் கமிட்டிகளிலோ திறப்பு விழாவுக்கு யாரை அழைப்பது என்பதிலிருந்துதான் பேச்சே ஆரம்பமாகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் பல்லவர் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடுகளைக் காக்கச் சண்டையிட்டு மாண்ட ஒரு வீரனுக்கான கல். அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு நாயின் பெயரைக்கூட விடாமல் எழுதி வைத்த இனம் நாம். செம்பனைக் குலையை முப்பது வருஷம் அறுத்த மனிதனின் பெயர் விட்டுப் போகலாமா?

பட்டியல் எழுதுவது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல் தெரியும். அடையாள அட்டையில் கிராணியோ பதிவு அதிகாரியோ காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஒன்றாக இருக்கும். லெட்சுமி என்பவள் அட்டையில் லெச்சுமியாகவோ லட்சிமியாகவோ இருப்பாள். தோட்டத்தில் அவளை எல்லாரும் கூப்பிட்டது 'ஆயாக்கொட்டகை அக்கா' என்றிருக்கும். எதை எழுதுவது? வீட்டாரைக் கேளுங்கள். தமிழில் எப்படி எழுத வேண்டும் என்று அவர்கள் சொல்வதே சரியான எழுத்து. தோட்டம் அழைத்த பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள். அரை நூற்றாண்டு கழித்து ஒரு பேரன் வந்து தேடினால் இரண்டில் ஒன்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்த சிக்கல், யாரைச் சேர்ப்பது? கோவிட் என்று மருத்துவச் சான்றிதழில் எழுதப்பட்டவர்களை மட்டுமா? அந்த மாதங்களில் ரத்தம் சுத்திகரிக்கப் போக வண்டி கிடைக்காமல் போனவர் உண்டு. மருத்துவமனை என்றாலே பயந்து, நெஞ்சுவலியை மறைத்துக்கொண்டு படுத்திருந்து போனவர் உண்டு. தோட்டத்தில் பிறந்து, வேலைக்காகப் பட்டணத்துத் தொழிற்சாலைக்குப் போய், விடுதியில் நோய் கண்டு மாண்ட பையன் உண்டு. அவன் இப்போது எந்த ஊர்க் கணக்கில் வருவான்? என்னைக் கேட்டால் எல்லாரையும் எழுதுங்கள் என்பேன். சாவின் காரணத்தைக் கல்லில் எழுத வேண்டியதில்லை. 'அந்த நாட்களில் நம்மை விட்டுப் பிரிந்தவர்கள்' என்றால் போதும். காரணத்தை எழுதுவதால் சில வீட்டாருக்கு மனம் நோகும். எங்கள் அப்பா பெயரைப் போடாதீர்கள் என்று ஒரு வீடு சொன்னால் அதையும் மதிக்க வேண்டும். வற்புறுத்தக் கூடாது. இடம் விட்டு வையுங்கள். பிற்பாடு மனம் மாறலாம்.

நம்மோடு அதே தோட்டத்தில் வேலை செய்த வங்காளதேசத்தார், இந்தோனேசியர், நேப்பாளிகள்? அவர்கள் பெயரும் வேண்டும். இதில் கமிட்டியில் சிலர் முகம் சுளிக்கலாம். நூறு வருஷத்துக்கு முன்னால் நாமும் இதே லயத்தில் அவர்கள் இடத்தில்தான் இருந்தோம். பெயரை யாரும் எழுதாமல் போனால் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

பெயர்களை அகர வரிசையில் எழுதுங்கள். தண்டல் முதலில், கூட்டுகிறவள் கடைசியில் என்ற வரிசை வேண்டாம். நன்கொடையாளர் பெயர் அந்தக் கல்லில் ஏறவே கூடாது. நம் கோயில்களில் மின்விசிறி இறக்கையில்கூட உபயதாரர் பெயர் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது அங்கே இருக்கட்டும். திறந்து வைக்கிற பிரமுகரின் பெயர்ப் பலகை, இறந்தவர்கள் பெயரைவிடப் பெரிதாக இருக்கும் ஒரு நினைவிடத்தை நான் பார்த்திருக்கிறேன். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். உங்கள் ஊரில் அப்படி வேண்டாம்.

இனி, மற்ற நாட்டார் என்ன செய்தார்கள் என்பதற்கு வருகிறேன். லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில், நாடாளுமன்றத்துக்கு நேர் எதிரே, ஒரு மருத்துவமனையின் மதில் இருக்கிறது. 2021 மார்ச் 29-ஆம் நாள், உறவினரைக் கோவிட்டில் பறிகொடுத்தவர்கள் அந்த மதிலில் சிவப்பு இதயங்களை வரையத் தொடங்கினார்கள். ஒரு சாவுக்கு ஓர் இதயம். ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நீளத்துக்கு, இன்று இரண்டு இலட்சத்துக்கும் மேல். பெரிய ஓவியர் யாரும் வரவில்லை. கையில் பேனா பிடிக்கத் தெரிந்தவர்கள் வந்தார்கள். இதயத்துக்குள் பெயரை எழுதினார்கள். ஆனால் பாருங்கள், முதலில் வரைந்த சாயம் வெயிலிலும் மழையிலும் வெளுத்துவிட்டது. சுவருக்கு ஏற்ற சாயம் வாங்கி, தொண்டர்கள் திரும்பத் திரும்ப வந்து தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். லண்டன் வெயிலுக்கே அந்தக் கதி என்றால் மலாக்கா வெயிலுக்கு? பள்ளி மதிலில் ஓவியம் வேண்டும் என்கிற நண்பர் இதை யோசிக்க வேண்டும். நம் ஊர் ஈரத்தில் இரண்டு வருஷத்தில் பாசி ஏறும். மூன்றாவது வருஷம் புதிய தலைமையாசிரியர் வருவார், சுவருக்கு வெள்ளையடிக்கச் சொல்வார். அவர் மேல் குற்றமில்லை. ஓவியம் வரைவதென்றால், வருஷா வருஷம் ஒருநாள் குறித்து மறுபடியும் தீட்டுவது என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு வரையுங்கள். அப்படிச் செய்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் அந்தப் பெயர்களைத் தங்கள் கையால் எழுதுவார்கள் அல்லவா?

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 2021 செப்டம்பர் 17 முதல் அக்டோபர் 3 வரை ஒரு கலைஞர் பெரிய புல்வெளி முழுவதும் வெள்ளைக் கொடிகளை நட்டார். சூசன் பிரென்னன் ஃபர்ஸ்டன்பர்க் என்பது அந்த அம்மாவின் பெயர். இறந்த ஒருவருக்கு ஒரு கொடி. ஆறு இலட்சத்துக்கும் மேலான கொடிகள். வந்தவர்கள் தங்கள் வீட்டாரின் பெயரைக் கொடியில் எழுதினார்கள். அதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் ஞாபகம்தான் வந்தது. அதே ஆண்டு ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் நம் நாட்டு வீடுகளிலும் வெள்ளைக் கொடி தொங்கியது. அங்கே கொடி, 'எங்கள் வீட்டில் ஒருவர் இறந்துவிட்டார்' என்று சொன்னது. இங்கே, 'எங்கள் வீட்டில் அரிசி இல்லை' என்று சொன்னது. கொடியைப் பார்த்ததும் யார் என்ன இனம் என்று கேட்காமல் அரிசியும் முட்டையும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்களே, அதை எந்தச் சிலையில் செதுக்குவது? கொடி கட்டக் கூச்சப்பட்டுச் சுடுகஞ்சியோடு படுத்த வீடுகளும் உண்டு. பிழைத்தவர்களின் நினைவு என்று சொல்கிறோமே, அந்த நாட்களின் வெள்ளைத் துணி ஒன்றை யாராவது பெட்டியில் மடித்து வைத்திருந்தால், ஜாசின் நண்பர்களே, அதைக் கேட்டு வாங்குங்கள். அதைவிடப் பெரிய நினைவுப் பொருள் கிடைக்காது.

துணி என்றதும் இன்னொன்று. எய்ட்ஸ் நோயில் இறந்தவர்களுக்காக அமெரிக்காவில் துணி ஒட்டுப் போட்டுத் தைத்தார்கள். ஒருவருக்கு மூன்றடி அகலம், ஆறடி நீளம். ஏறக்குறைய ஒரு புதைகுழியின் அளவு. 1987 அக்டோபர் 11-ஆம் நாள் முதன்முதலாக விரித்தபோது 1,920 துண்டுகள். பிற்பாடு பல்லாயிரமாகப் பெருகியது. இது நம் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டிய வேலையா என்ன? பழைய சேலைகளை ஒட்டுப் போட்டுப் போர்வை தைத்துப் பிள்ளையைப் போர்த்தி வளர்த்தவர்கள் அல்லவா நம் அம்மாமார்கள்? இறந்தவரின் சேலையிலிருந்து, வேட்டியிலிருந்து, வேலைச் சட்டையிலிருந்து ஒரு முழம். அதில் பெயரை நூலால் தைப்பது. தையல் தெரியாதவர்கள் தெரிந்தவர்களோடு உட்கார்ந்து தைப்பார்கள். அப்படி உட்கார்ந்திருக்கும் மாலை நேரங்களில்தான், அன்றைக்கு அழாத அழுகை வெளியே வரும்.

துணியை நான் இவ்வளவு தூரம் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது நிலத்தைப் பற்றியது. கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

தோட்டத்தில் கல்லை எங்கே நடுவீர்கள்? கோயில் முன்னால் என்பீர்கள். கோயில் நிலம் யாருடையது? தோட்ட நிர்வாகத்துடையது. பள்ளிக்கூடம்? பகுதி உதவி பெறும் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் நிலமும் இன்னும் தோட்டத்துடையதுதான். நாளைக்குத் தோட்டம் கைமாறுகிறது, வீடமைப்புத் திட்டம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் எத்தனை தோட்டங்களில் லயம் போயிற்று, கோயிலைப் பெயர்த்து வைக்க வேண்டி வந்தது, இடுகாட்டின் மேல் சாலை போயிற்று என்பது உங்களுக்கே தெரியும். அந்த இடுகாட்டில் கிடந்தவர்களுக்குக் கடிதம் அனுப்பியா கேட்டார்கள்?

மலாக்காவிலேயே புக்கிட் சீனா இருக்கிறது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சீனர் கல்லறைகள் கொண்ட குன்று. 1984-இல் அதைச் சமப்படுத்திக் கட்டடங்கள் எழுப்பலாம் என்று மாநில அரசாங்கம் ஒரு திட்டம் போட்டது. சீன சமூகம் நாடு முழுவதும் எதிர்ப்புத் தெரிவித்தது. திட்டம் நின்றது. கோபத்தினால் மட்டும் அது நிற்கவில்லை. அந்த நிலம் பல தலைமுறைக்கு முன்பே செங் ஹூன் தெங் கோயில் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருந்தது. கையில் பத்திரம் இருந்தது. நம்மவர் கையில் பெரும்பாலும் வாய்ச்சொல்தான் இருக்கிறது. 'பழைய துரை கட்டிக்கச் சொன்னார்' என்பதை எந்த நீதிமன்றம் எழுத்தாக எடுத்துக்கொள்ளும்?

ஆகையால் நிர்வாகத்திடம் போய் அனுமதி கேளுங்கள், ஆனால் எழுத்தில் வாங்குங்கள். நிலம் கைமாறினால் கல்லை எடுத்துச் செல்ல எங்களுக்கு உரிமை உண்டு என்று ஒரு வரி அதில் இருக்கட்டும். நகராண்மைக் கழகத்தின் பொது மைதானத்தில் இடம் கிடைக்குமானால் இன்னும் நல்லது. தோட்டத்தில்தான் வேண்டும் என்றால், நாலு பேர் தூக்கி லாரியில் ஏற்றக்கூடிய அளவில் கல்லை எடுங்கள். சிமெண்டைக் கொட்டி மண்டபம் கட்டினால் அது மண்ணோடு போகும். துணியோ, மடித்து ஒரு பெட்டியில் வைத்துவிட்டால் நீங்கள் போகும் தாமானுக்கும் கூட வரும். வருஷத்துக்கு ஒருமுறை விரிக்கலாம்.

மாரியம்மன் கோயில் மண்டபம் என்ற யோசனையை நான் தள்ளவில்லை. அம்மை கண்ட காலத்தில் நம் முன்னோர் அவளைத்தான் நம்பினார்கள். பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டதாக 1980-இல் அறிவித்த பிறகும் அவள் நம் கோயிலில் இருக்கிறாள். கோயம்புத்தூர்ப் பக்கம் பிளேக் மாரியம்மனும் உண்டு. 2021-இல் அங்கே கொரோனா தேவி என்று ஒரு சிலையும் வைத்துவிட்டார்கள். வைத்தவர்கள் பக்தியோடுதான் வைத்தார்கள். எனக்கு மட்டும் அதில் மனம் ஒட்டவில்லை. நோய்க்கு உருவம் கிடைத்தது, இறந்தவனுக்குக் கிடைக்கவில்லை. மேலும் உங்கள் தோட்டத்தில் கிறிஸ்துவக் குடும்பங்கள் இருக்கும், மலாய்க்கார, வங்காளதேச முஸ்லிம்கள் இருப்பார்கள். கோயிலுக்குள் வைத்தால் அவர்கள் எப்படி வந்து நிற்பார்கள்?

பிழைத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் அண்டை மாநிலமான நெகிரி செம்பிலானில் சுங்கை நிப்பா என்ற கம்பம். 1998, 1999-இல் வந்த மூளைக்காய்ச்சலில் நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் கொசுவினால் என்று நினைத்துப் புகையடித்தார்கள். பன்றிகளிடமிருந்து வந்த புதிய கிருமி என்பது பிறகு தெரிந்தது. ஏறக்குறைய பத்து இலட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். பிழைத்தவர்களுக்குத் தொழில் போயிற்று, சிலருக்கு உடம்பும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இத்தனைக்கும் மேல் அந்தக் கம்பத்தின் பெயரையே கிருமிக்கு வைத்துவிட்டார்கள். எங்கள் ஊர் நோயின் பெயராகிவிட்டதே என்று எத்தனை பேர் குமைந்திருப்பார்கள்! ஊர்ப் பெயரை நோய்க்கு வைக்காதீர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது 2015-இல்தான். அந்தக் கம்பத்தார் ஒதுங்கிப் போகாமல், நடந்ததைச் சொல்லும் ஒரு சிறு காட்சியகத்தைத் தங்கள் ஊரிலேயே வைத்திருக்கிறார்கள். முடிந்தால் கமிட்டியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துப் போய்ப் பார்த்து வாருங்கள். மலாக்காவிலிருந்து அதிக தூரமில்லை.

நம் தோட்டத்திலும் நோய் கண்டு திரும்பியவர்களைக் குழாயடியில் விலகி நின்று பார்த்தோம். கையில் வளையம் மாட்டிய பிள்ளைகளோடு விளையாடாதே என்று நம் பிள்ளைகளுக்குச் சொன்னோம். அவர்களைக் கூட்டத்துக்கு அழைத்து, ஓவியத்திலோ துணியிலோ தங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். முகமூடி போட்டுக் கட்டிலில் கிடக்கிற உருவமாகத் தன்னைப் பார்க்க யாருக்கும் ஆசை இராது.

அந்தப் பாட்டி சொன்னது சரியா, தவறா? பாதிக்கு மேல் சரி. தகப்பனை இழந்த பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வழியில்லாதபோது கருங்கல்லில் பொன்னெழுத்து பொறிப்பது அழகல்ல. வசூலாகும் வெள்ளியை இரண்டாகப் பிரியுங்கள். பெரிய பங்கு பிள்ளைகளுக்கு, சிறிய பங்கு கல்லுக்கு. கல்லறைக் கல் செதுக்கும் கடைகள் பட்டணத்தில் இருக்கின்றன. எழுத்துக் கணக்கில் கூலி கேட்கிறார்களா, மொத்தமாகவா என்று இரண்டு மூன்று கடைகளில் விசாரித்துவிட்டுக் கொடுங்கள். தமிழ் எழுத்துக்களை ஒரு தமிழாசிரியரிடம் காட்டிப் பிழை திருத்திய பிறகே உளி படட்டும். கல்லில் விழுந்த எழுத்துப் பிழைக்கு அழிரப்பர் கிடையாது.

இப்போதைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். நாலு கோடு போட்டு, பெயர், தோட்டத்தார் அழைத்த பெயர், பிறந்த ஊர், பிரிந்த நாள் என்று எழுதி, தோட்டத்து மருந்தகத்தில் அப்போது வேலை பார்த்தவரிடம் முதலில் போங்கள். பிறகு சங்கத் தலைவரிடமும், கோயில் அர்ச்சனைச் சீட்டு எழுதுகிறவரிடமும் போங்கள். தோட்டத்தை விட்டு மாசாயிக்கும் கிள்ளானுக்கும் போய்விட்ட குடும்பங்களின் தொலைபேசி எண் அக்கம்பக்கத்துப் பெண்களிடம்தான் இருக்கும். ஆண்களைக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். தீபாவளிக்கு ஊர் திரும்புகிறவர்களைப் பிடிக்க அதற்கு முன்னால் நோட்டு தயாராக இருக்க வேண்டும். நோட்டை இரண்டு படி எடுத்து, ஒன்றைக் கோயிலிலும் ஒன்றைப் பள்ளிக்கூடத்து இரும்பு அலமாரியிலும் வையுங்கள்.